பொறுப்பான செயற்கை நுண்ணறிவில் பயனர் அனுபவ வடிவமைப்பின் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை உருவாக்கும் குழுக்களில் புதிதாகச் சேரும் வடிவமைப்பாளர்களும், அத்தகைய கருவிகளை வாங்கித் தம் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ நிறுவ நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

பொறுப்பான செயற்கை நுண்ணறிவு என்றால் தரவும் கணிதமும் சட்டமும்தானே? அதில் பயனர் அனுபவ வடிவமைப்பாளருக்கு என்ன வேலை?

செயற்கை நுண்ணறிவு மாதிரி, அதாவது தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரல், தன் கணிப்பைப் பெரும்பாலும் ஓர் எண்ணாகவே வெளியிடுகிறது. அந்த எண் யாருக்கு, எந்த நேரத்தில், எந்தச் சொற்களில் காட்டப்படுகிறது, அதைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய முடியும், அதை ஏற்க மறுத்தால் எத்தனை படிகளைக் கடக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது வடிவமைப்பு. நியாயம், வெளிப்படைத்தன்மை, மனிதக் கண்காணிப்பு என்று நிறுவனங்களின் கொள்கை அறிக்கைகளில் வரும் ஒவ்வொரு சொல்லும் கடைசியில் ஒரு திரையாகவோ, குரல் பதிலாகவோ, படிவமாகவோ மாறியாக வேண்டும். அப்படி மாறாத சொல் அறிக்கையோடு நின்றுவிடுகிறது.

பயனர் அனுபவம் என்றதும் நிறத்தையும் எழுத்துருவையும் மட்டும் நினைப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். பயன்படுத்துபவரின் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, எங்கே அவசரம், எங்கே அச்சம், எந்த நேரத்தில் இணையம் அறுந்துபோகும் என்பதை நேரில் பார்த்து அறிவதும், அறிந்ததைக் கருவியின் நடத்தையாக மாற்றுவதும் இத்துறையின் பணி. 2019ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், மனிதரும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து இயங்கும் கருவிகளுக்காக 18 வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். கருவியால் எதைச் செய்ய முடியும் என்பதையும், அதை எவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்பதையும் தெளிவாக்க வேண்டும் என்பவையே அவற்றில் முதல் இரண்டு. கேட்பதற்கு எளிமையான இந்த இரண்டையும் நிறைவேற்றாத கருவிகள்தான் இன்றும் மிகுதி.

கருவியின் துல்லியம் உயர்வாக இருந்தால் போதாதா?

போதாது. இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு சான்று கண் மருத்துவத்திலிருந்து கிடைக்கிறது.

சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்திருக்கிறதா என்பதைப் புகைப்படத்திலிருந்து கண்டறியும் மாதிரி ஒன்றைப் பற்றிய ஆய்வைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். பயிற்சிக்குப் பயன்பட்ட 1,28,175 படங்கள் அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் பெறப்பட்டவை. 54 கண் மருத்துவர்கள் அவற்றைத் தரப்படுத்தியிருந்தார்கள். சோதனையில் அந்த மாதிரியின் திறன் தேர்ந்த கண் மருத்துவர்களின் திறனுக்கு இணையாக இருந்தது.

பின்னர் அதே வகைக் கருவி தாய்லாந்தில் நேரடிப் பயன்பாட்டுக்குச் சென்றது. அங்கே சர்க்கரை நோயாளிகள் பல லட்சம். விழித்திரை நிபுணர்களோ மிகச் சிலர். செவிலியர்கள் எடுக்கும் படங்கள் வேறு ஊரிலுள்ள நிபுணருக்கு அனுப்பப்பட்டு, முடிவு திரும்பி வரச் சில சமயம் 10 வாரங்கள்கூட ஆகிக்கொண்டிருந்தன. இந்தக் காத்திருப்பைச் சில நிமிடங்களாகக் குறைக்க முடியும் என்பது கருவியின் வாக்குறுதி. 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் உள்ள 11 மருத்துவ மையங்களுக்குச் சென்று, அங்குள்ள செவிலியர்களின் வேலையை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முதல் ஆறு மாதங்களில் கருவிக்குக் கொடுக்கப்பட்ட 1,838 படங்களில் 21 விழுக்காட்டை, தரம் போதவில்லை என்று கருவி தள்ளிவிட்டது.

காரணம் கணிதத்தில் இல்லை. நல்ல விழித்திரைப் படம் கிடைக்க வேண்டுமானால் கண்மணி விரிய வேண்டும். அதற்கு அறை இருட்டாக இருக்க வேண்டும். 11 மையங்களில் இரண்டில் மட்டுமே அப்படி இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது. படத்தின் ஓரத்தில் சிறு மங்கல் இருந்தாலும் கருவி அதைப் படிக்க மறுத்தது. அதே படத்தைப் பார்த்த அனுபவமிக்க செவிலியருக்கு நோயின் அடையாளம் தெளிவாகத் தெரிந்த நேரங்களும் உண்டு. படிக்க இயலாத படம் என்று முடிவு வந்தால், நோயாளி இன்னொரு நாள் பெரிய மருத்துவமனைக்குச் சென்று நிபுணரைப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. வண்டி வசதி இல்லாதவருக்கும் அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கும் அந்த ஒரு நாளின் இழப்பு பெரியது. இதை அறிந்திருந்த சில செவிலியர்கள், ஆய்வில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடமே சொன்னார்கள். இணையம் மெதுவாக இருந்த மையங்களில் ஒவ்வொரு படத்தையும் பதிவேற்ற ஒரு நிமிடத்துக்கும் மேல் பிடித்ததால் வரிசை நீண்டது.

இதில் மாற்றக்கூடிய வடிவமைப்பு முடிவுகள் எவை?

படத்தின் தரம் எந்த அளவுக்குக் கீழே போனால் அதை ஏற்காமல் தள்ளுவது என்ற வரம்பு அவற்றில் முதலாவது. பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட வரம்புதான் அது. தெளிவற்ற படத்திலிருந்து தவறான முடிவைச் சொல்லக்கூடாது என்ற நல்லெண்ணம் அதன் பின்னால் இருந்தது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு படம் தள்ளப்பட்டால் அடுத்த படம் வரும். மருத்துவ மையத்தில் ஒரு படம் தள்ளப்பட்டால் ஒரு மனிதர் திருப்பி அனுப்பப்படுகிறார்.

கருவி தன்னால் முடியவில்லை என்று சொல்லும் நிலைக்குப் பல குழுக்கள் கடைசி வாரத்தில் ஒற்றை வரிச் செய்தி எழுதி முடித்துவிடுகின்றன. என் கணிப்பில், அதிக உழைப்பைக் கேட்பது அந்த நிலைதான். எந்தப் பகுதி மங்கலாக இருக்கிறது, வெளிச்சம் குறைந்ததாலா நோயாளி அசைந்ததாலா, மீண்டும் எடுத்தால் சரியாகுமா என்பதைச் செவிலியருக்குச் சொல்லலாம். அவருடைய சொந்தக் கருத்தைப் பதிவு செய்ய இடம் கொடுக்கலாம். தள்ளப்பட்ட படத்தை மட்டும் தொலைவிலுள்ள நிபுணர் பார்ப்பதற்கு வழி வைத்தால், நோயாளி பயணம் செய்ய வேண்டியிராது. இணையம் அறுந்தால் படங்களைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். இவற்றில் எதற்கும் மாதிரியைப் புதிதாகப் பயிற்றுவிக்கத் தேவையில்லை.

இந்தப் பிரச்சினைகளைத் தாய்லாந்தில் ஆய்வு செய்தவர்கள் கண்டறிந்தது மையங்களில் உட்கார்ந்து பார்த்ததால். கருவியைப் பரவலாக நிறுவுவதற்கு முன்பே இப்படிக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதை அவர்களும் தங்கள் கட்டுரையில் வலியுறுத்தினார்கள்.

கருவி எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பொறியாளரா, வடிவமைப்பாளரா?

இருவர் மட்டும் எடுக்கக்கூடிய முடிவல்ல இது. ஆனால் அதை அனைவர் முன்பும் கொண்டுவந்து வைப்பது வடிவமைப்பாளரின் கடமை.

மேலே சொன்ன 2016 ஆய்விலேயே ஒரே மாதிரிக்கு இரண்டு இயக்க நிலைகள், அதாவது எச்சரிக்கையின் இரண்டு அளவுகள், தரப்பட்டிருந்தன. ஒரு சோதனைத் தரவுத் தொகுப்பில், முதல் நிலையில் நோயுள்ளவர்களில் 97.5 விழுக்காட்டினரையும் நோயற்றவர்களில் 93.4 விழுக்காட்டினரையும் அது சரியாக இனங்கண்டது. இரண்டாம் நிலையில் அந்த எண்கள் 90.3, 98.1 என்று மாறின. ஆயிரம் பேர் பரிசோதனைக்கு வருகிறார்கள், அவர்களில் 100 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிலையில் இரண்டு மூன்று நோயாளிகள் தவறிப்போவார்கள். நலமாக உள்ள ஏறக்குறைய 59 பேர் வீணாக மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள். இரண்டாம் நிலையில் வீண் அலைச்சல் 17 பேருக்குக் குறையும்; ஆனால் நோயுள்ள 10 பேர் நலம் என்று சொல்லப்பட்டு வீடு திரும்புவார்கள்.

இவற்றில் எது சரி என்பதற்குக் கணிதத்தில் விடை கிடையாது. மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அங்கே எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள், அடுத்த பரிசோதனை எப்போது நடக்கும், வீணாக அனுப்பப்பட்டவர் மறுமுறை வருவாரா என்பவற்றைப் பொறுத்து விடை ஊருக்கு ஊர் மாறும். பல திட்டங்களில் இந்த எண்ணைப் பொறியாளர் ஒருவர் வேறு யாரிடமும் கேட்காமல் நிரலுக்குள் எழுதிவிடுகிறார். அவர் மீது குற்றமில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. 59 பேர், 10 பேர் என்று மனிதக் கணக்கில் மாற்றி மருத்துவர், செவிலியர், நிர்வாகி ஆகியோரின் முன் வைத்தால் அந்தப் பேச்சு தொடங்கும்.

"இறுதி முடிவு மனிதருடையது" என்று விதி வைத்துவிட்டால் பொறுப்பு நிறைவேறிவிடாதா?

அந்த மனிதருக்கு முடிவெடுக்கத் தேவையான நேரமும் தகவலும் அதிகாரமும் இருந்தால் மட்டுமே நிறைவேறும்.

2018 மார்ச் 18 அன்று இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் மீது மோதியது, அவர் உயிரிழந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தவை இவை: மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், இனந்தெரியாத பொருள், மிதிவண்டி என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தது. தேவையற்ற திடீர் பிரேக்கைத் தவிர்ப்பதற்காக, ஆபத்தை உணர்ந்த பிறகும் ஒரு விநாடி காத்திருக்குமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. காரில் இருந்த பாதுகாப்பு ஓட்டுநருக்கு எச்சரிக்கை ஒலி கேட்டது மோதலுக்கு 0.2 விநாடிக்கு முன்பு. அதற்குச் சற்று முன்புவரை அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு ஒவ்வொரு காரிலும் இருவர் இருந்த இடத்தில், விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்து ஒருவர் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தார்.

ஓட்டுநரின் கவனக்குறைவை வாரியம் மறைக்கவில்லை. ஆனால் தானியங்கி ஒன்றை நீண்ட நேரம் கண்காணிக்கும் எவருக்கும் கவனம் தளரும் என்பது விபத்துக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. பிரிட்டன் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே இதைத் தெளிவாக எழுதியிருந்தார்: வேலையின் எளிய பகுதியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, எப்போதாவது வரும் மிகக் கடினமான தருணத்தை மட்டும் மனிதரிடம் விட்டால், பழக்கம் விட்டுப்போன அவர் அந்தத் தருணத்தில் தடுமாறுவார். கண்காணிப்பவரின் கவனம் கலைகிறதா என்று பார்ப்பது, ஆபத்தை முன்கூட்டியே அறிவிப்பது, பணி நேரத்தைப் பிரிப்பது ஆகிய அனைத்தும் வடிவமைப்பின் பகுதி.

2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அதன் 14ஆவது பிரிவில் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. அதிக ஆபத்துள்ள கருவிகளைக் கண்காணிப்பவர், இயந்திரத்தின் முடிவை அளவுக்கு மீறி நம்பும் போக்கை உணர்ந்திருக்கவும், முடிவைப் புறக்கணிக்கவும், கருவியை நிறுத்தவும் இயல வேண்டும் என்று அது கேட்கிறது. நிறுத்தும் பொத்தான் திரையில் எங்கே இருக்கிறது, அதை அழுத்தியவர் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டுமா, ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்கு ஒரு முழுப் பக்கப் படிவமுமா என்பதைச் சட்டம் எழுதாது. அதை நாம்தான் எழுதுகிறோம்.

முடிவுக்கான காரணத்தையும் சேர்த்துக் காட்டினால் மக்கள் சிந்தித்து முடிவெடுப்பார்கள் அல்லவா?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் விளக்கம் இருக்கிறது என்பதே பலருக்கு நம்புவதற்கான காரணமாகிவிடுகிறது. அதைப் படித்து எடைபோடுபவர் குறைவு. 2021இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியைச் சோதித்தார்கள். பயனர் முதலில் தன் முடிவைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே கருவியின் பரிந்துரை தெரியும் என்பது போன்ற ஏற்பாடுகள் அவை. வெறும் விளக்கத்தைக் காட்டுவதைவிட, தவறான பரிந்துரைகளைக் கண்மூடி ஏற்பதை இவை குறைத்தன. அதே வேளையில், அதிகம் பயன் தந்த ஏற்பாடுகளையே பங்கேற்றவர்கள் குறைவாக விரும்பினார்கள்.

இந்தக் கடைசி முடிவு வடிவமைப்பாளர்களுக்குச் சங்கடமானது. தடங்கலின்றி, வேகமாக, யோசிக்க வைக்காமல் வேலை முடிய வேண்டும் என்றே இத்துறை நமக்குக் கற்பித்தது. கடன் மறுப்பு, நோய் கண்டறிதல், ஒருவரைப் பணிக்கு எடுப்பது போன்ற இடங்களில் வேண்டுமென்றே ஒரு தடங்கலை வைக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பாட்டுப் பட்டியலைப் பரிந்துரைக்கும் செயலிக்கு இது தேவையில்லை.

கருவிக்கு உறுதியில்லை என்பதை எப்படிக் காட்டுவது?

92 விழுக்காடு என்று காட்டினால் அதைத் தேர்வு மதிப்பெண்ணாகப் படித்துவிடுகிறோம். அந்த எண் சொல்லும் அளவுக்கு மாதிரி உண்மையிலேயே சரியாக இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்காத வரை, அதைத் திரையில் இடுவது நேர்மையல்ல. சோதித்த பின்னும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதோடு சேர்த்துச் சொன்னால்தான் பயன்.

உரையாடல் கருவிகளில் நிலைமை இன்னும் கடினம். சரியான தகவலும் புனைவும் ஒரே சரளத்தில், ஒரே நடையில் வருகின்றன. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி உருவாக்கிய, உண்மையில் இல்லாத தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்கள் இருவருக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தது. பக்கத்தின் அடியில் "தவறுகள் இருக்கலாம்" என்று எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் சிறு வரியைக் கண்கள் விரைவில் பார்க்காமலே கடந்துவிடும். ஐயம் எந்தச் சொற்றொடரில் இருக்கிறதோ அங்கேயே அதைக் காட்ட வேண்டும்: தீர்ப்பின் பெயர் வந்தால் அது நீதிமன்றப் பதிவில் கிடைத்ததா இல்லையா என்பதும் அதன் அருகிலேயே வர வேண்டும்.

உரையாடல் கருவி மனிதரைப் போலப் பேசலாமா?

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற நிரல், பயனர் தட்டச்சு செய்த வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக்கிக் கேட்டது. அவ்வளவுதான் அதன் திறன். அது நிரல்தான் என்று நன்கு அறிந்திருந்த அவருடைய செயலாளர்கூட, அதனுடன் பேசத் தொடங்கியதும் அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் இதனால் கலங்கிப்போய், பிற்காலத்தில் தன் துறையையே கடுமையாக விமர்சிப்பவராக மாறினார்.

எதிரில் இருப்பது இயந்திரம் என்று அறிந்தாலும் மனம் இளகும் என்பதால், ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும் என்று நான் கருதவில்லை. ஐரோப்பியச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, செயற்கை நுண்ணறிவோடு பேசுகிறோம் என்பதை மக்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது, அது குறைந்தபட்சம். தட்டச்சு செய்துகொண்டிருப்பது போன்ற போலித் தாமதம், மனிதப் பெயர், மனித முகப்படம், "உங்களை நினைத்துக்கொண்டே இருந்தேன்" என்பது போன்ற வாக்கியங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது வடிவமைப்பாளரின் மேசையில் முடிவாகிறது. தனிமையில் இருப்பவர்களும் சிறுவர்களும் பயன்படுத்தும் கருவியில் இவற்றைச் சேர்க்கக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

உரையாடல் கருவி தவறான தகவல் தந்தால் பொறுப்பு யாருடையது?

நிறுவியவருடையது. கனடாவில் குடும்பத்தில் நேர்ந்த இறப்புக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், துயர்காலக் கட்டணச் சலுகைக்குப் பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் கூறியது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருந்த விதியோ அதற்கு நேர்மாறானது. சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட உருவம் என்று நிறுவனம் வாதிட்டுப் பார்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடிமைத் தீர்வுத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்து, வட்டியும் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 812 கனடா டாலர் வழங்க உத்தரவிட்டது.

கட்டணம், காலக்கெடு, தகுதி ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு மாதிரி சொந்தச் சொற்களில் பதில் புனையாமல், நடப்பில் உள்ள விதியின் வாசகத்தையே அப்படியே காட்டுமாறு அமைப்பது கடினமான வேலையல்ல.

பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற பொத்தான்கள் வைத்தால் பயனரின் குரல் கேட்கப்பட்டதாகும் அல்லவா?

எந்தக் குரல் என்பதைப் பொறுத்தது. 2025 ஏப்ரல் இறுதியில் ஓபன்ஏஐ நிறுவனம், சாட்ஜிபிடியில் செய்த ஒரு புதுப்பிப்பைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. பயனர் எதைச் சொன்னாலும் அது அளவுக்கு மீறிப் புகழ்ந்து ஆமோதிக்கத் தொடங்கியிருந்தது. பயனர்கள் அழுத்திய கட்டைவிரல் பொத்தான்களின் தரவைப் பயிற்சியில் கூடுதல் வெகுமதியாக, அதாவது எது நல்ல பதில் என்று மாதிரிக்குக் காட்டும் குறியாக, சேர்த்ததும் காரணங்களில் ஒன்று என்று நிறுவனமே பின்னர் விளக்கியது. அந்த நொடியில் இனிக்கும் பதிலுக்கு விருப்பம் தெரிவிக்கிறோம். அது நம்மைத் தவறான வழியில் கொண்டுபோனது தெரிய வாரங்கள் ஆகும், அப்போது அழுத்தப் பொத்தான் எதுவும் இருக்காது. ஒரு பொத்தானை வரைபவர் மாதிரியின் குணத்தையும் வரைகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

திரைக்கு முன் இல்லாதவர்களைப் பற்றி வடிவமைப்பாளர் கவலைப்பட வேண்டுமா?

அதிகம் கவலைப்பட வேண்டியது அவர்களைப் பற்றித்தான். நெதர்லாந்தின் வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களில் மோசடி இருக்கக்கூடியவற்றைப் பிரித்தெடுக்கத் தானே கற்கும் மாதிரி ஒன்றைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை இல்லாதது ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற விண்ணப்பம் ஓர் அதிகாரியின் கைக்குச் சென்றது. ஆனால் அந்த மதிப்பெண் ஏன் வந்தது என்பது அவருக்குக் காட்டப்படவில்லை என்று மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தாம் பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டுமாறு கேட்கப்பட்டு, கடனிலும் வறுமையிலும் சிக்கின. 2021 ஜனவரி 15 அன்று, இந்த உதவித்தொகை விவகாரம் முழுவதற்கும் பொறுப்பேற்று, நாட்டின் அமைச்சரவை பதவி விலகியது.

அந்தக் கருவியின் பயனர் அதிகாரி. பாதிக்கப்பட்டவர் தாயும் தந்தையும். பயனரை மட்டும் நேர்காணல் செய்து வடிவமைத்தால், அதிகாரிக்கு வசதியான ஒரு திரை கிடைக்கும். பெற்றோருக்குக் காரணம் தெரிந்துகொள்ளவோ மறுத்துப் பேசவோ இடம் கிடைக்காது. ஆகவே எந்தத் திட்டத்திலும் முடிவைப் பெறுபவருக்குச் செல்லும் கடிதத்தையோ குறுஞ்செய்தியையோ முதல் நாளிலேயே எழுதிப் பார்க்க வேண்டும். என்ன முடிவு, எந்தத் தகவலை வைத்து, அந்தத் தகவல் தவறானால் எங்கே திருத்துவது, எந்த மனிதரிடம் முறையிடுவது, அதுவரை முடிவு நிறுத்திவைக்கப்படுமா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் எழுத முடியாவிட்டால், கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை.

மாதிரியில் உள்ள பாகுபாட்டை நல்ல வடிவமைப்பால் சரிசெய்ய முடியுமா?

முடியாது, மறைக்கத்தான் முடியும், அது இன்னும் தீங்கானது. ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிகக் கருவிகளின் பிழை கருநிறப் பெண்களுக்கு 34.7 விழுக்காடு வரை சென்றது. வெண்ணிற ஆண்களுக்கு அது அதிகபட்சம் 0.8 விழுக்காடு. சராசரித் துல்லியத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திராது. யாரை வைத்துச் சோதிப்பது என்ற தேர்வில் வடிவமைப்பாளருக்குப் பங்கு உண்டு. ஒரு பிரிவினருக்குக் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், அதைத் தடுத்து நிறுத்தச் சொல்வதும் அந்தப் பங்கில் அடங்கும்.

தமிழில் இயங்கும் கருவிகளுக்குத் தனியாக ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

ஆம். நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெகுவாக வேறுபடுகின்றன. இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் தரவில் பெரும்பகுதி எழுத்துத் தமிழ். நாகர்கோவிலிலோ மட்டக்களப்பிலோ ஒருவர் தன் பேச்சு வழக்கில் கேட்கும் கேள்வியைக் கருவி தவறாகப் புரிந்துகொண்டு, பிழையற்ற எழுத்துத் தமிழில் உறுதியாகப் பதில் சொன்னால், அந்த நடையின் மிடுக்கே பதிலுக்கு இல்லாத அதிகாரத்தைத் தந்துவிடும். "நீங்கள் கேட்டது இதுதானா?" என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளும் படி தமிழ்க் குரல் கருவிகளில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சோதித்து முடித்த எச்சரிக்கைகளை மொழிபெயர்த்து ஒட்டினால் போதாது. தமிழில் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ பெறும் வாய்ப்பை மக்களுக்குத் தருகிறது; தமிழ் அதில் உண்டு. ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பயனரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தனியே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவியை விற்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

ஆராய்ச்சிப் பிரிவு எதுவும் இல்லாத சிறிய குழு எங்கே தொடங்கலாம்?

கருவி பயன்படப்போகும் இடத்துக்கு ஒரு முழு நாள் செல்லுங்கள். கூட்டம் மிகுந்த நாளாகத் தேர்ந்தெடுங்கள். நிரல் எழுதுபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் நாம் எழுதிக் கொடுக்கும் அறிக்கையைவிட அவர் கண்ணால் பார்ப்பது அதிகம் மாற்றும். கருவி தவறாகச் சொல்லும்போது, சொல்ல மறுக்கும்போது, இணையம் இல்லாதபோது என மூன்று நிலைகளுக்கான திரைகளை, எல்லாம் சரியாக நடக்கும் திரைக்கு முன்பே வரையுங்கள். வேண்டுமென்றே தவறான முடிவுகளைக் கலந்து கொடுத்து, பயனர்கள் அவற்றைக் கண்டுபிடிக்கிறார்களா என்று ஐந்தாறு பேரிடமாவது சோதியுங்கள். கண்டுபிடிக்கவில்லை என்றால் குறை அவர்களுடையதல்ல, திரையுடையது. வெளியிட்ட பிறகு மனிதர்கள் கருவியின் முடிவை எத்தனை முறை மாற்றினார்கள் என்பதைப் பதிவு செய்யுங்கள். ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்ற செய்தி வந்தால் உடனே அந்த இடத்துக்குத் திரும்பச் சென்று, மாற்றும் வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா, மாற்ற அவர்களுக்குத் துணிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.